வீட்டில் தோட்டா நிரப்புதல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வேட்டையாடுவோரும் குறிபார்த்துச் சுடுவோரும் பலர், வெடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிந்துவிடுவதில்லை. வீட்டு மேசையிலேயே அதற்குப் புதிய எரிமூடியும் மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்துவர். இதிற் சிக்கனமுண்டு, இடருமுண்டு.

மருந்தை நிறுக்கும் அளவு கிரெயின் எனப்படும். ஓர் இறாத்தலில் 7000 கிரெயின். பழைய கரிமருந்து கூட்டை நிறைத்து நின்றது. 1884 இல் பிரான்சு நாட்டு வியேய் என்பார் புகையில்லா மருந்தை ஆக்கிய பின்னர், சிறிதளவே பெருவிசை தரலாயிற்று. ஆதலின் கைத்துப்பாக்கித் தோட்டாவிற் பல மருந்துகள் கூட்டின் பாதியையும் எட்டுவதில்லை. கவனம் பிறழ்ந்து இருமுறை இட்டாலும் வெளியே வழியாது. சுடுங்கால் துவக்கே பிளக்கக் கூடும்.

இதனினும் வஞ்சகமானது மருந்தே இடாத தோட்டா. எரிமூடியின் விசை மட்டும் குண்டைக் குழலினுட் தள்ளி இடைவழியில் நிறுத்திவிடும். ஓசை மெலிந்ததைப் பொருட்படுத்தாது அடுத்ததைச் சுட்டால், குழல் வெடிக்கும். நன்னூலார் குற்றமெனக் கொண்ட குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் வகுப்பிற் கற்பிக்கும்போது எனக்கு இவ்விரண்டுமே நினைவுக்கு வருகின்றன!

பழகியோர் குண்டு பொருத்துமுன் கூடுகளை வரிசையாக நிறுத்தி, விளக்கொளியில் ஒவ்வொன்றினுள்ளும் நோக்குவர். மேசையில் ஒரே மருந்துப் போத்தலையே வைப்பர். சிறு விபத்துகளுள் ஒன்று, எரிமூடி கோணலாக நசுங்கி வெடித்தல். கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி அணிவது அதனாலேயே. பழைய எரிமூடிக் கரியில் ஈயமிருப்பதால், கை கழுவாது உண்ணலாகாது.