தட்டின் ஓரம் ஒதுங்கும் கேரட்

மதிய உணவு நேரத்தில் ஏதாவது ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியின் வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் தட்டில் சாம்பார் சாதமும் அவித்த முட்டையும் இருக்கும். முதலில் முட்டை காலியாகும், அப்புறம் சோறு. கேரட், பீன்ஸ், கறிவேப்பிலை எல்லாம் தட்டின் ஓரத்தில் சின்னக் குவியலாக ஒதுங்கிவிடும். கை கழுவப் போகும்போது அந்தக் குவியல் குப்பைக்குப் போகும். சத்துள்ள உணவு பற்றிய பாடத்தை ஒரே குரலில் ஒப்பித்த அதே பிள்ளைகள்தான் இவர்கள்.

தட்டை நிரப்புவதில் தமிழ்நாடு செய்தது பெரிய காரியம். 1920-இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956-இல் காமராசரின் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் ஆரம்பித்த காலை உணவு என்று வளர்ந்து வந்த கதை அது. வயிறு காய்ந்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை நாம் எப்போதோ புரிந்துகொண்டோம். சாப்பிடும் நேரமும் ஒரு பாடவேளைதான் என்பதை மட்டும் இன்னும் ஏற்கவில்லை. சீக்கிரம் முடித்து அனுப்பவேண்டிய வேலையாகவே அது நடக்கிறது.

ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் மதியச் சாப்பாடு பெரும்பாலும் வகுப்பறையிலேயே நடக்கும். பிள்ளைகளே முறைவைத்து, மேலங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு பரிமாறுவார்கள். ஆசிரியரும் அதே சாப்பாட்டை அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். 2005-இல் உணவுக் கல்விக்கென்றே அங்கே ஒரு சட்டம் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்குப் புரோட்டீன், வைட்டமின் என்றெல்லாம் சொல்லிக் குழப்புவதில்லை. உடம்பை வளர்ப்பது சிவப்பு, தெம்பு தருவது மஞ்சள், உடம்பைச் சீராக வைப்பது பச்சை என்று மூன்றே நிறங்கள். நம் பந்திக்கும் இது அப்படியே பொருந்தும்: முட்டையும் பருப்பும் சிவப்பு, சோறு மஞ்சள், காயும் கீரையும் பச்சை. நம் தட்டில் ஓரம் போவது பச்சைதான் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையே கண்டுபிடித்துச் சொல்லிவிடும்.

கண்டுபிடித்த உடனே தின்றுவிடாது. புதுக் காய் ஒன்று நாக்குக்குப் பழகப் பலமுறை ருசி பார்க்க வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. அதட்டித் திணித்தால் வெறுப்புதான் மிஞ்சும். பக்கத்தில் உட்கார்ந்த டீச்சர் தானும் ஒரு துண்டு பீன்ஸை எடுத்து மென்றால் அது வேறு. பள்ளிக் கொல்லையில் பிள்ளைகளே தண்ணீர் ஊற்றி வளர்த்த முருங்கையின் கீரை என்றால் இன்னும் வேறு.

பள்ளி வாசலுக்கு வெளியே பத்து ரூபாய் நொறுக்குத்தீனிப் பாக்கெட்டுகளும் குளிர்பானப் பாட்டில்களும் காத்திருக்கின்றன. "அதெல்லாம் சாப்பிடாதே" என்று சொல்லிப் பயனில்லை. ஏன் கூடாது என்பதை நான்காம் வகுப்புக் கணக்குப் பாடத்திலேயே காட்டலாம். இனிப்புக் குளிர்பானத்தில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை என்றால் 250 மில்லி பாட்டிலில் எவ்வளவு? 25 கிராம் என்று விடை வந்ததும், ஐந்தாறு தேக்கரண்டி சர்க்கரையை ஒரு டம்ளரில் கொட்டி மேசைமேல் வையுங்கள். அந்த டம்ளரைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

சாப்பாடு ஒரு பக்கம் என்றால், விளையாட்டு விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கேயோ பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது விளையாட்டுப் பீரியட். வீட்டுப்பாடம் எழுதவில்லையா, "உனக்கு இன்னைக்கு விளையாட்டு கிடையாது!" ஓடினால்தான் வகுப்பில் உட்காரவே முடியும் என்கிற துறுதுறு பிள்ளைக்குத்தான் இந்தத் தண்டனை அடிக்கடி கிடைக்கிறது. நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு வந்ததும் பெண் பிள்ளைகள் மெல்ல ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடுவதையும் யாரும் கவனிப்பதில்லை.

பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்விக்குத் தனி ஆசிரியர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நொண்டிக்கும் பாண்டிக்கும் ஒரு சாக்பீஸ் கோடு போதும். ஓடுவதற்கு அதுவும் வேண்டாம். ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகரில் ஒரு தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை 2012-இல் ஒரு பழக்கத்தை ஆரம்பித்தார். தினமும் 15 நிமிடம், போட்டிருக்கும் உடையோடு எல்லாப் பிள்ளைகளும் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. மூச்சு வாங்கினால் நடக்கலாம். அது இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. நம் பள்ளியில் வெயில் ஏறுவதற்கு முன், காலை வணக்கக் கூட்டம் முடிந்த கையோடு வேப்பமரத்தைச் சுற்றி இதைச் செய்யலாம். புடவை கட்டிய டீச்சர் ஓட வேண்டியதில்லை, பிள்ளைகளோடு சேர்ந்து வேகமாக நடந்தாலே போதும்.