தாய்லாந்தில் சிக்கன உணவு

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறியுள்ள நமக்கு மாதக் கடைசியில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் எங்கே போயிற்று என்பதே அது. கணக்கைப் புரட்டிப் பார்த்தால், பெரும்பகுதி வயிற்றுக்கே சென்றிருப்பது தெரியும். சுவையையும் இழவாமல் பணத்தையும் இழவாமல் அயலூரில் உண்பது எவ்வாறு? பாங்காக் நகரம் இதற்கு நல்ல விடை தருகிறது.

நாம் அந்நகரில் சில வாரங்கள் தங்க நேர்ந்தபோது, முதல் வாரம் முழுவதும் நம் நாட்டு உணவு விடுதியையே தேடிச் சென்றோம். சாம்பார் கிடைத்தது, ஆனால் கைப்பணத்தில் பாதி கரைந்துவிட்டது. வீட்டுக்கு அனுப்புவதாக எழுதியிருந்த தொகையும் அதில் அடக்கம். எட்டாம் நாள், வேறு வழியின்றித் தெருமுனைச் சோற்றுக் கடைக்குள் நுழைந்தோம்.

அத்தகைய கடைக்குக் 'காவ் கேங்' என்று பெயர். காவ் என்றால் சோறு. கேங் என்றால் குழம்பு. பத்துப் பதினைந்து தட்டுகளில் குழம்பும் பொரியலும் வரிசையாக இருக்கும். மொழி தெரிய வேண்டுவதில்லை. விரலால் சுட்டினால் போதும். எத்தனை வகை கேட்கிறோமோ அதற்கேற்ப விலை. தேங்காய்ப் பால், புளி, மிளகாய், அரத்தை, நாரத்தை இலையை நினைவூட்டும் ஒரு வாசனை இலை ஆகியவை கலந்த அக்குழம்பு நம் நாவுக்கு முற்றிலும் அந்நியமன்று.

இவ்வளவு மலிவாக எப்படித் தருகிறார்கள்? விடியற்காலையில் சந்தையில் வாங்கி, ஒரே முறையில் பெருமளவு சமைத்துவிடுகிறார்கள். வாடகை குறைவு, பணியாட்களும் பெரும்பாலும் குடும்பத்தாரே. நகரத்துச் சிற்றறைகள் பலவற்றில் அடுப்பு வைக்க இடமில்லை. ஆதலின் மாலையில் குழம்பைப் பையில் கட்டி வாங்கிச் செல்வோர் ஏராளம். வாங்குவோர் மிகுந்தால் விலை குறைவது இயல்புதானே?

கணக்கைப் பார்ப்போம். 2024-ஆம் ஆண்டையொட்டி, சாதாரணக் கடையில் ஒரு தட்டுச் சோறு 50 முதல் 60 பாட் வரை. ஒரு பாட் அப்போது ஏறத்தாழ 2 ரூபாய் 40 காசாக இருந்தது. வேறொரு விடுதியில் ஒரு வேளைக்கு 250 பாட் கொடுப்பவர், 50 பாட்டில் உண்டால் வேளைக்கு 200 பாட் மிஞ்சும். நாளைக்கு இரு வேளை எனில் மாதத்திற்கு 12,000 பாட். நம் பணத்தில் இருபத்தெட்டாயிரம் ரூபாய்க்கு மேல்! ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு இதில் அடங்கிவிடக்கூடும்.

நம்மைப் போன்றோர் அறிய வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதிக்கு 'ஈசான்' என்று பெயர். நாம் ஈசானிய மூலை என்கிறோமே, அதே வடசொல்தான். வறண்ட அப்பகுதியிலிருந்து கூலி வேலைக்காகப் பாங்காக் வந்த மக்கள் தம் உணவையும் உடன் கொணர்ந்தனர். பச்சைப் பப்பாளிக்காயைச் சீவி, மிளகாய், பூண்டு, எலுமிச்சைச் சாறு சேர்த்து உரலில் இடித்துச் செய்யும் 'சோம் தாம்', மூங்கில் கூடையில் ஆவியில் வெந்த ஒட்டரிசிச் சோறு ஆகியவை அவர்களுடையவை. அச்சோற்றைக் கையால் உருட்டியே உண்பர். உழைப்பாளியின் உணவாக வந்தது, இன்று நகரத்தார் அனைவரும் விரும்பும் உணவாகிவிட்டது.

சைவ உணவினர் சற்று எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். காய்கறிக் குழம்பிலும் மீன் சாறோ இறால் விழுதோ கலந்திருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தால் 'ஜே' என்று எழுதிய கடைகளில் புலாலும் மீன் சாறும் சேர்ப்பதில்லை. பூண்டும் வெங்காயமும்கூடக் கிடையா. எக்கடையாயினும், மக்கள் கூட்டம் உள்ள இடத்தில், சமைத்த சூடு ஆறுமுன் உண்பதே நலம். நண்பகலுக்குச் சற்று முன் செல்வது சிறந்தது. அப்போது வகைகளும் மிகுதி.

இதனால் நம் ஊர் உணவை மறந்துவிட வேண்டுமென்பது கருத்தன்று. நாமும் மீதி நாட்களில், ஞாயிறு ஒருநாள் மட்டும் சாம்பாரைத் தேடிச் சென்றோம். முன்னிலும் அது சுவையாகவே இருந்தது. மகாராஷ்டிரத்தில் சோள ரொட்டியும், வங்கத்தில் மீனும் சோறும், தில்லியில் ராஜ்மாவும் சோறும் அவ்வூர் உழைப்பாளிகளை நெடுங்காலமாகக் காத்து வருகின்றன. அவர்களோடு அமர்ந்து உண்டால் பணம் மிஞ்சும். அண்டை அயலாரின் நட்பும் உடன் கிட்டும். மாதக் கடைசியில் ஊருக்கு அனுப்பும் தொகையும் குறையாது.