காங்கேயம் ஓட்டு மேலவைக்குப் போகும் வழி

காங்கேயத்தில் ஓட்டுரிமை உள்ளவருக்கு ஓட்டுப் போடும் நாட்கள் குறைவில்லை. சட்டமன்றத்துக்குக் காங்கேயம் தொகுதி. நாடாளுமன்றத்துக்கு, மாவட்டம் திருப்பூர் என்றாலும், ஈரோடு தொகுதி. நகரத்துக்குள் குடியிருந்தால் நகராட்சி வார்டு கவுன்சிலர். கிராமத்தில் இருந்தால் வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று ஒரே நாளில் நான்கு ஓட்டு. டெல்லியில் உள்ள மாநிலங்களவைக்கு மட்டும் யாரும் அவர் வீட்டு வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வருவதில்லை. ‘தமிழகத்திலிருந்து 6 பேர் போட்டியின்றித் தேர்வு’ என்று நாளிதழில் ஒருநாள் செய்தி வரும். அதோடு சரி.

அந்த ஆறு பேரும் காங்கேயத்துக்காரர் போட்ட ஓட்டில்தான் போகிறார்கள். அந்த ஓட்டு நேராகப் போகாமல் ஒரு கை மாறிப் போகிறது.

மாநிலங்களவையில் அதிகபட்சம் 250 பேர் இருக்கலாம் என்கிறது அரசியலமைப்பு. இப்போதைய எண்ணிக்கை 245. அதில் 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். மீதி 233 பேர் மாநிலங்களிலிருந்தும், சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசங்களிலிருந்தும் வருகிறார்கள். தமிழ்நாட்டுக்கு 18 இடம். மக்கள்தொகையை ஒட்டி இடம் பிரிப்பதால் உத்தரப் பிரதேசத்துக்கு 31, சிக்கிமுக்கும் கோவாவுக்கும் ஒன்றே ஒன்று. எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. தென்னாப்பிரிக்காவில் ‘மாகாணங்களின் தேசிய அவை’ என்ற மேலவையில் 9 மாகாணங்களுக்கும் பெரியது சிறியது பாராமல் தலா 10 பேர். நைஜீரியாவின் செனட்டில் 36 மாநிலங்களுக்கும் தலா 3 பேர், தலைநகரப் பகுதிக்கு ஒருவர், ஆக 109. அங்கே மக்களே நேரடியாக வாக்களித்து அவர்களை அனுப்புகிறார்கள். மாநிலங்களின் அவை என்று பெயர் வைத்துக்கொண்டு மாநிலங்களைச் சமமாக உட்கார வைக்காத நம் ஏற்பாடு எனக்கு உறுத்துகிறது. ஆனால் தமிழ்நாட்டின் மக்கள்தொகைக்கு இந்தக் கணக்கு லாபமே என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மக்களவையைக் கலைப்பதுபோல மாநிலங்களவையைக் கலைக்க முடியாது. ஒருவரின் பதவிக்காலம் ஆறு ஆண்டு; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் விலக, அந்த இடங்களுக்குப் புதியவர்கள் வருகிறார்கள். தமிழ்நாட்டின் 18 இடமும் ஆறு ஆறாக மூன்று பிரிவுகளாகப் பிரிந்திருப்பது இதனால்தான். 2019-ல் தேர்வானவர்களின் இடம் 2025-ல் காலியானது. 2022-ல் தேர்வானவர்களின் இடம் 2028-ல் காலியாகும்.

இனி ஓட்டுக் கணக்கு. வாக்காளர்கள் 234 எம்.எல்.ஏ.க்கள் மட்டுமே. காங்கேயம் தொகுதியில் நாம் தேர்ந்தெடுத்தவர் அந்த 234 பேரில் ஒருவர். ஓட்டுச் சீட்டில் அவர் முத்திரை குத்துவதில்லை. வேட்பாளர்களின் பெயருக்கு நேரே 1, 2, 3 என்று தன் விருப்ப வரிசையை எழுதுகிறார். ஒவ்வொரு சீட்டுக்கும் 100 மதிப்பு. ஆக மொத்தம் 23,400. ஆறு இடத்துக்குத் தேர்தல் என்றால் ஆறோடு ஒன்றைக் கூட்டி, ஏழால் வகுக்க வேண்டும். 3,342 சொச்சம் வரும். சொச்சத்தைத் தள்ளிவிட்டு ஒன்றைச் சேர்த்தால் 3,343. இந்த மதிப்பை எட்டியவர் வென்றார். 33 பேர் முதல் விருப்பம் தந்தால் 3,300 தான், போதாது. 34 பேர் வேண்டும்.

ஒருவருக்கு 40 பேர் முதல் விருப்பம் தந்துவிட்டால் அவரிடம் 4,000 சேர்ந்துவிடும். தேவைக்கு மேல் உள்ள 657 வீணாவதில்லை. அந்த 40 சீட்டுக்கும் அதைப் பிரித்தால் தலைக்கு 16 வரும். ஒவ்வொரு சீட்டிலும் 2 என்று யாருக்கு எழுதியிருக்கிறதோ அவர் கணக்கில் அந்த 16 ஏறும். அப்படியும் இடம் நிரம்பாவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருக்கு விழுந்த சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். சிறிய கட்சிக்கும் அதன் பலத்துக்கு ஏற்ற பங்கு கிடைக்க வேண்டும் என்பதற்காக வகுத்த முறை இது.

2021-ல் அமைந்த சட்டமன்றத்தை வைத்து இதைப் பார்க்கலாம். தி.மு.க. கூட்டணிக்கு 159 பேர். நான்கு இடத்துக்கு 136 ஓட்டுப் போக 23 மீதம். ஐந்தாவது இடத்துக்கு இன்னும் 11 பேர் தேவை. அ.தி.மு.க.வின் 66 பேரோடு பா.ம.க., பா.ஜ.க. சேர்ந்தால் 75, இரண்டு இடத்துக்கு 68 போக 7 மீதம். முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டதால் ஏழாவதாக ஒருவர் நின்று பயனில்லை. 2022-ல் தி.மு.க.வுக்கு மூன்று, காங்கிரஸுக்கு ஒன்று, அ.தி.மு.க.வுக்கு இரண்டு என ஆறு பேரும் போட்டியின்றிப் போனார்கள். 2025-லும் அப்படித்தான்; கமல்ஹாசன் மாநிலங்களவைக்குச் சென்றது அந்த முறை. இரண்டு முறையும் ஒரு சீட்டுகூடப் பெட்டியில் விழவில்லை.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய இடம் இடைத்தேர்தல். ஒரே ஒரு இடத்துக்குத் தேர்தல் என்றால் இரண்டால் வகுக்க வேண்டும்; 118 பேர் இருந்தால் வெற்றி. ஆளுங்கட்சிக்கு அது கையில் இருப்பதே. 2021-ல் அ.தி.மு.க. வசம் இருந்த மூன்று இடங்கள் காலியாயின. ஒருவர் காலமானார், இருவர் எம்.எல்.ஏ. ஆனதால் விலகினார்கள். மூன்றும் தனித்தனித் தேர்தல் என்பதால் மூன்றுமே தி.மு.க.வுக்குப் போயின. ஒன்றாகச் சேர்த்து நடத்தியிருந்தால் 59 ஓட்டே போதும். எதிரணிக்கும் ஒன்று கிடைத்திருக்கும். பங்குக்கு ஏற்ற இடம் என்ற நோக்கமே இடைத்தேர்தலில் அடிபட்டுப் போகிறது.

2003-ல் வந்த இரண்டு மாற்றங்களும் பெரியவை. எம்.எல்.ஏ. தன் சீட்டைக் கட்சி முகவரிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும் என்றானது. பணம் கைமாறுவதைத் தடுக்க அது என்றார்கள். அதில் நியாயம் இருக்கிறது. மற்றொன்று, எந்த மாநிலத்திலிருந்து போட்டியிடுகிறாரோ அந்த மாநிலத்தின் வாக்காளராக இருக்க வேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டார்கள். இந்தியாவில் எங்காவது வாக்காளராக இருந்தால் போதும். 2006-ல் உச்ச நீதிமன்றமும் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. இந்த இரண்டாவது மாற்றம் மாநிலங்களவையின் வேரை வெட்டியது என்பது என் கருத்து. ஓர் ஊரின் தண்ணீரும் தொழிலும் தெரியாதவர் அந்த ஊர் பெயரால் பேச வழி திறந்துவிட்டது.

பன்னிரண்டு நியமன உறுப்பினர்கள் இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை ஆகியவற்றில் சிறந்தவர்களாக இருக்க வேண்டும். 2022-ல் இளையராஜா போனது இந்த வழியில். முதல் அவையிலேயே, 1952-ல், நியமனமானவர் பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல். அலங்காரப் பதவி என்று அவர் இருந்துவிடவில்லை. விலங்குகளை வதைப்பதைத் தடுக்க 1953-ல் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே அதைக் கையில் எடுக்கும் என்று நேரு உறுதி தந்தபின் திரும்பப் பெற்றார். அதன் விளைவாக 1960-ல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது.

காங்கேயத்துக்காரர்களுக்கு அந்தச் சட்டம் நன்றாக நினைவிருக்கும். அதன்கீழ் 2011-ல் வெளியான ஓர் அறிவிக்கை, காட்சிக்குப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்தது. ரேக்ளா ஓடிய கொங்கு நாட்டில், பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறையாகப் பேணிய காங்கேயம் மாட்டினத்தின் ஊரில், அது நேரடி அடி. 2017 ஜனவரியில் அந்தத் தடையை எதிர்த்து மெரினாவில் கூடிய கூட்டத்துக்குப் பிறகு தமிழ்நாடு அந்த மத்தியச் சட்டத்துக்குத் தன் திருத்தத்தைக் கொண்டுவந்தது. 2023-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ருக்மிணி தேவி எதிர்த்தது கொடுமையை. காளையை உழவோடும் விழாவோடும் சேர்த்து வளர்ப்பவர்களும் அதை விரும்பாதவர்கள்தான். மக்களிடம் ஓட்டுக் கேட்காமல் மேலவைக்குப் போன ஒருவர் எழுப்பிய குரல், அறுபது ஆண்டு கழித்து ஒரு தொழுவத்தின் வாசல்வரை வந்து நின்றது. மேலவை யாருக்கும் வேண்டாத மாடி அறை என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது.

அதிகாரம் என்று பார்த்தால் பண மசோதாவில் மாநிலங்களவைக்குப் பலம் இல்லை. 14 நாளுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும். அரசியலமைப்புத் திருத்தத்திலோ மக்களவைக்குச் சரிசமம். ஜி.எஸ்.டி.க்கான திருத்தம் 2015 மே மாதம் மக்களவையில் நிறைவேறியும், மாநிலங்களவையைத் தாண்ட 2016 ஆகஸ்ட் வரை காத்திருந்தது. உற்பத்தி மாநிலங்களின் இழப்பை ஈடுகட்ட முதலில் வைத்திருந்த ஒரு சதவீதக் கூடுதல் வரி அங்கேதான் நீக்கப்பட்டது. வாக்கெடுப்பில் அ.தி.மு.க. வெளிநடப்புச் செய்தது. பனியன் கம்பெனிகளும் தேங்காய் எண்ணெய் ஆலைகளும் நிறைந்த இந்தப் பகுதிக்கு அந்த விவாதம் வயிற்றைத் தொடும் விஷயம். அது நடந்தது நாம் நேரடியாக ஓட்டுப் போடாத அவையில்.

தமிழ்நாட்டுக்கே ஒரு மேலவை இருந்தது. 1937 முதல் சென்னையில் சட்டமன்றப் பேரவையோடு மேலவையும் இயங்கியது. 1952-ல் ராஜாஜி முதலமைச்சரானது மக்கள் ஓட்டில் வென்று அல்ல. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்ததால். அன்று அது பெரும் சர்ச்சை. 1967-ல் அண்ணா முதலமைச்சரானபோது மக்களவை உறுப்பினராக இருந்தார். அதைவிட்டு மேலவைக்குத் தேர்வானார். அதற்கு முன் 1962-ல் காஞ்சிபுரத்தில் தோற்ற அண்ணாவுக்குப் பேச இடம் கொடுத்ததும் ஒரு மேலவைதான், டெல்லியில்.

மாநில மேலவைக்கு ஐந்து வாசல்கள். மூன்றில் ஒரு பங்கை எம்.எல்.ஏ.க்களும், இன்னொரு மூன்றில் ஒரு பங்கை உள்ளாட்சி உறுப்பினர்களும், பன்னிரண்டில் ஒரு பங்கைப் பட்டதாரிகளும், அதே அளவை உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத ஆசிரியர்களும் தேர்ந்தெடுப்பார்கள். மிச்சம் ஆளுநரின் நியமனம். காங்கேயம் நகராட்சிக் கவுன்சிலருக்கும், ஊரில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும், பட்டம் பெற்று மூன்று ஆண்டு கடந்தவருக்கும் அதில் ஓட்டு இருந்திருக்கும்.

1986-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி அதைக் கலைக்கத் தீர்மானம் போட்டது. திரைக்கலைஞர் ஒருவரின் நியமனத்தில் எழுந்த சட்டச் சிக்கல் உடனடிக் காரணம். அப்போது ம.பொ.சிவஞானம் மேலவைத் தலைவர். கருணாநிதி மேலவை உறுப்பினர். 63 பேர் கொண்ட அவை 1986 நவம்பர் 1-ல் இல்லாமல் போனது. பிறகு நடந்தது இழுபறி. 1989, 1996, 2010 என மூன்று முறை தி.மு.க. ஆட்சி மீண்டும் வேண்டும் என்று தீர்மானித்தது. 1991, 2001, 2011 என மூன்று முறை அ.தி.மு.க. ஆட்சி வேண்டாம் என்றது. 2010-ல் நாடாளுமன்றமே 78 பேர் கொண்ட மேலவைக்குச் சட்டம் இயற்றிவிட்டது; வாக்காளர் பட்டியல் வேலைகூடத் தொடங்கியது. ஆட்சி மாறியதும் நின்றது. உலகத்தில் இது புதிதில்லை. செனகல் 2012-ல் வெள்ள நிவாரணத்துக்குப் பணம் வேண்டும் என்று சொல்லி செனட்டைக் கலைத்தது. எகிப்து 2014-ல் நீக்கிய மேலவையை 2020-ல் வேறு பெயரில் மீண்டும் அமைத்தது.

எனக்குப் பட்டதாரித் தொகுதியில் நம்பிக்கை இல்லை. பட்டம் அரிதாக இருந்த காலத்தில் பொருந்திய சலுகை அது. வீட்டுக்கு ஒரு பட்டதாரி உள்ள இன்றைய தமிழ்நாட்டில் அதற்கு நியாயம் தேடுவது கடினம். உள்ளாட்சிகளுக்கான மூன்றில் ஒரு பங்கை இழந்ததுதான் வருத்தம். வார்டில் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் பார்க்கும் கவுன்சிலரிடம் ஓட்டுக் கேட்டு வந்தவர், சென்னையில் நிதிப் பங்கீடு பற்றிப் பேசும்போது அந்தக் குழாயையும் நினைத்தாக வேண்டியிருக்கும். இப்போது அந்த இணைப்பு இல்லை. சத்தியமங்கலம் மலையேறித் தாளவாடியைக் கடந்தால் கர்நாடகம். அங்கே 75 பேர் கொண்ட மேலவையில் 25 இடம் உள்ளாட்சிகளுக்கு உரியது. சாம்ராஜ்நகர் பக்கத்துக் கிராமப் பஞ்சாயத்து உறுப்பினரும் அதற்கு ஓட்டுப் போடுகிறார். அந்தத் தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் அவர் வீடு தேடி வருகிறார்கள்.