சார்ஜ் ஏறாத பிக்கப் வண்டி

திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து கீரைக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு இரவோடிரவாகக் கோயம்பேட்டுச் சந்தைக்கு வந்து, சரக்கை இறக்கிவிட்டு, ஊர் திரும்பலாமென்று சாவியைத் திருப்பும்போது செல்ப் மோட்டார் ‘டக்’கென்று ஒரு சப்தத்தோடு அடங்கிவிடுமானால், பழைய பிக்கப் வண்டி வைத்திருப்பவர் முதலில் குற்றஞ்சாட்டுவது பேட்டரியைத்தான். அவசரத்தில் புதிய பேட்டரியும் வாங்கிப் போட்டுவிடுகிறார். சில நாட்கள் சென்றதும் அந்தப் புதிய பேட்டரியும் அதே சப்தத்தைச் செய்யத் தொடங்கும்போதுதான், வியாதி வேறிடத்தில் இருக்கிறதென்ற சந்தேகம் அவருக்கு எழுகிறது.

பேட்டரி என்பது பத்தாயம். நெல் விளைவது அங்கேயல்ல. 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்தூண்டல் தத்துவத்தின்படி, ஃபேன் பெல்ட்டால் சுழற்றப்படும் ஆல்டர்னேட்டர்தான் மின்சாரத்தை விளைவிக்கிறது. 1859-இல் காஸ்டன் பிளாண்டே அமைத்த ஈய-அமில மின்கலத்தின் வழிவந்த பேட்டரி, அதை வாங்கிச் சேமித்துவைத்து, வண்டியைக் கிளப்பும் வேளையில் திருப்பித் தருகிறது. இவ்விரண்டுக்கும் இடையே ரெகுலேட்டர், டயோடுகள், வயர்கள், முனைகள் எனப் பல கண்ணிகள் இருக்கின்றன. அவற்றில் எது அறுந்தாலும் பாதிப்பு வெளியே தெரிவதென்னவோ பேட்டரியில்தான்.

பழைய டீசல் பிக்கப்புகளில் இன்னொரு விசேஷமும் உண்டு. பெட்ரோல் என்ஜினுக்குத் தீப்பொறி வேண்டும். மின்சாரம் தீர்ந்தால் அது நடுவழியிலேயே நின்று, குறையைத் தானே அறிவித்துவிடும். யந்திரப் பம்பினால் எரிபொருளைப் பீய்ச்சும் பழைய டீசல் என்ஜினோ, ஒருமுறை கிளம்பிவிட்டால் பெரும்பாலும் மின்சாரத்தை எதிர்பாராமல் ஓடிக்கொண்டே இருக்கும். சார்ஜ் ஏறுவது நின்றுபோயிருந்தாலும் ஓட்டுநருக்குத் தெரியாது. முன்விளக்குகள் இரண்டும் தலா 55 வாட் வீதம் ஏறக்குறைய 9 ஆம்பியரை உறிஞ்ச, 75 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள நல்ல பேட்டரிகூட, நான்கைந்து மணி நேர இரவுப் பிரயாணத்துக்குப் பிறகு, டீசல் என்ஜினை மறுபடி சுழற்றுவதற்கு வேண்டிய வலுவை இழந்து நிற்கும்.

ஆகவே, எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டரைக் கையிலெடுப்பதே விவேகம். சில மணி நேரம் ஓய்ந்திருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் அது நிறைந்திருக்கிறது. 12 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் கால்பங்கு தேறுவதே அரிது. என்ஜினைக் கிளப்பிச் சற்று வேகமாக ஓடவிட்டால் அந்த அளவு 13.8-க்கும் 14.4-க்கும் இடையே ஏறி நிற்க வேண்டும். ஏறவில்லையெனில் சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டிப் போனால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

சார்ஜ் வரவில்லை என்றவுடன் ஆல்டர்னேட்டரை மாற்றுவதும் அவசர முடிவே. பழைய வண்டிகளில் மின்சாரம் உற்பத்தியாவதில் நேரும் குறையைக் காட்டிலும், அது போகும் வழியில் நேரும் குறையே அதிகமென்பது என் திடமான அபிப்பிராயம். இதைப் பரீட்சிப்பதும் எளிது. விளக்குகளை எரியவிட்டு, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில், மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் மாட்டிய போல்ட்டிலும், மற்றொன்றை பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் குமிழிலும் வைக்க வேண்டும். அதன்மேல் மாட்டிய கிளாம்பில் வைக்கலாகாது, ஏனெனில் குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவே பூத்திருக்கும் உப்புப் படலமே குற்றவாளியாக இருக்கக்கூடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரை வோல்ட்டை எட்டினால், வழியில் எங்கோ துருவோ தளர்ச்சியோ இருப்பது நிச்சயம். அவ்வாறே ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் குமிழுக்கும் இடையே பார்த்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருத்தல் கூடாது. என்ஜின் ரப்பர் மவுண்டுகளின்மேல் அமர்ந்திருப்பதால், சேஸிஸோடு அதை இணைக்கும் பின்னலான எர்த் பட்டையே மின்சாரம் திரும்பிவரும் முக்கியமான பாதை. அதன் நுனியில் சேறும் துருவும் மண்டினால், புத்தம்புது ஆல்டர்னேட்டராலும் பிரயோஜனமில்லை. உப்புத்தாள் கொண்டு அந்த நுனியைப் பளிச்சென்று தேய்த்து இறுக்கியதும் சீராகிவிட்ட வண்டிகள் அநேகம்.

வழி செம்மையாக இருந்தும் சார்ஜ் வராவிட்டால்தான் ஆல்டர்னேட்டரிடம் போக வேண்டும். சாவியைப் போட்டதும் சிவப்பு சார்ஜ் விளக்கு எரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அந்தச் சிறு பல்பின் வழியாகப் போகும் மின்சாரமே உள்ளிருக்கும் ரோட்டரைக் காந்தமாக்கித் தொடங்கிவைக்கிறது என்பதால், பல்பு கருகினாலே ஆல்டர்னேட்டர் உறங்கிவிடும். என்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டு, ஸ்குரூ டிரைவரின் நுனியை புல்லியின் நடு நட்டருகே கொண்டுபோனால் அது ‘சட்’டென்று இழுபட்டு ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் ரோட்டருக்கு மின்சாரம் எட்டவில்லை. பெரும்பாலும் தேய்ந்துபோன கார்பன் பிரஷ்தான் காரணம். ஒட்டியும் சார்ஜ் போதவில்லையென்றால் ஆறு டயோடுகளில் ஒன்று பழுதாயிருக்கலாம். டயோடு ஷார்ட்டாகிவிட்டால், நிறுத்திவைத்த வண்டியின் பேட்டரியும் இரவெல்லாம் கசிந்து இறங்கிவிடும்.

டைனமோக் காலத்துப் பழக்கமொன்றை இங்கே கண்டிக்காமல் விட இயலவில்லை. ஓடும் என்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றிப் பார்த்து, ‘வண்டி நிற்கவில்லை, ஆகவே சார்ஜ் இருக்கிறது’ என்று தீர்ப்பளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டீசல் என்ஜின் எப்படியும் ஓடுமாதலால் அந்தப் பரீட்சை எதையும் நிரூபிப்பதில்லை. அன்றியும், வயர் அகலும் க்ஷணத்தில் மின்னழுத்தம் பன்மடங்கு எகிறி, நன்றாயிருந்த டயோடுகளையும் ரெகுலேட்டரையும் பொசுக்கிவிடக்கூடும்.

நம் நாட்டு டீசல் பிக்கப்புகள் பலவற்றில், பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்பு ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் சீல் தேய்ந்தால் ஆயில் உள்ளே கசிந்து பிரஷ்களை நனைத்துக் கெடுக்கும்; ஆதலால் பிரஷ்ஷை மாற்றும்போது சீலையும் மாற்றச் சொல்லுங்கள். அத்தகைய வண்டியில் பெல்ட் அறுந்தால் சார்ஜோடு பிரேக்கின் துணைபலமும் போய்விடும். பிரயாணத்தின் நடுவே சிவப்பு விளக்கு எரிந்தால், சந்தைக்கு நேரமாகிறதென்று பாராமல், வண்டியை ஓரங்கட்டி முதலில் பெல்ட்டைப் பாருங்கள்.