இரட்டைக் குழந்தைகளும் பிரசவ லீவும்

ஆடி மாதத்தில் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு, எங்கள் பள்ளியில் கணிதம் போதிக்கும் உபாத்தியாயினி ஒருத்தி என் மேஜையருகே வந்து நின்றாள். இருபத்தெட்டு வயது, தலைப் பிரசவம். வயிற்றில் இருப்பது ஒன்றல்ல, இரண்டு என்று வைத்தியர் ஸ்கான் எடுத்துப் பார்த்துச் சொல்லியாகிவிட்டது. கையில் ஒரு விண்ணப்பத் தாள் வைத்திருந்தாள். எல்லா இடங்களும் நிரம்பியிருந்தன. நாட்களின் எண்ணிக்கை எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

"அக்கா, பிறந்த பிறகு மூன்று மாதம் போட்டால் போதுமல்லவா? பொங்கல் கழித்து வந்துவிட்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார் செய்துவிடலாம். தலைமை ஆசிரியையும் அதைத்தான் விரும்புகிறார்கள் போலிருக்கிறது" என்றாள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. "உட்கார், அம்மா" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டேன். இந்தக் கேள்விக்கு ஒரு முறை நான் அவசரப்பட்டுப் பதில் எழுதியவள்.

2011-ஆம் வருஷத்தில் எனக்கும் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. அப்பொழுது வேறோர் ஊரில், வேறொரு பள்ளியில் வேலையாயிருந்தேன். 1961-ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டம் அந்நாளில் 12 வாரம் என்று வகுத்திருந்தது. அந்தப் பள்ளியும் அவ்வளவே கொடுத்தது. முப்பத்து நான்காவது வாரத்தில் லீவு எடுத்தேன். மறு வாரமே பிரசவம். மூத்தவள் இரண்டு கிலோ. இளையவன் ஒன்று எழுநூறு. அவன் பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். ஆபரேஷன் புண் ஆறாமல் எனக்கும் காய்ச்சல். ஒரு குழந்தை வீட்டில், ஒரு குழந்தை ஆஸ்பத்திரியில், நான் ஆட்டோவில் என்று அந்த நாட்கள் போயின. அவன் வீடு வந்து சேர்ந்து, இருவரையும் ஒருசேர மடியில் போடக் கற்றுக்கொள்வதற்குள் பன்னிரண்டு வாரமும் தீர்ந்துவிட்டது.

லீவை நீட்டித்தால் இடத்தில் வேறு ஆளைப் போட நேரும் என்று சாடையாகச் சொன்னார்கள். போய்விட்டேன். இரண்டாவது பீரியட் முடிவதற்குள் மார்பு கனக்கத் தொடங்கும். ரசாயனச் சோதனைச்சாலையின் கதவைத் தாழிட்டுக்கொண்டு, பாலைப் பீய்ச்சித் தொட்டியில் கொட்டிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போவேன். அந்த நேரத்தில் வீட்டில் இருவரும் புட்டிப்பால் குடித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு மாதத்திற்குள் பால் வற்றிப் போயிற்று. குழந்தைகள் நன்றாகத்தான் வளர்ந்தார்கள். இப்பொழுது ஒன்பதாம் வகுப்பில் என்னோடு வாதம் செய்யும் அளவுக்கு வளர்ந்துவிட்டார்கள். ஆயினும் அந்தத் தொட்டியை நான் மறக்கவில்லை.

பல வருஷங்களுக்குப் பிறகு, வேறொருவருக்காக அந்தச் சட்டத்தை முழுவதும் படிக்க நேர்ந்தது. அதன் பத்தாவது பிரிவைப் பார்த்ததும் திகைத்துப் போனேன். கர்ப்பத்தாலோ, பிரசவத்தாலோ, குறைமாதப் பேற்றாலோ தாய்க்கு நோய் உண்டானால், தக்க அத்தாட்சியின் பேரில், சம்பளத்துடன் மேலும் ஒரு மாதம் வரை விடுமுறை உண்டு என்று அதில் கண்டிருக்கிறது. காய்ச்சலுக்கு என்னிடம் ஒரு கட்டு மருந்துச் சீட்டு இருந்தது. அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பட்டதாரி என்று பெயர்!

இப்பொழுது நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. நம் நாட்டில் இதற்கென்று முதற்சட்டம் 1929-இல் பம்பாய் மாகாணத்தில், ஆலைத் தொழிலாளப் பெண்களுக்காகப் பிறந்தது. அதற்கு முந்திய வருஷம் பம்பாய்ச் சட்டசபையில் டாக்டர் அம்பேத்கர் அந்த மசோதாவை ஆதரித்துப் பேசினார். தாய்க்குப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஓய்வு கிடைப்பது தேசத்தின் நலன் என்பது அவருடைய வாதம். 2017-இல் 12 வாரம் என்பது 26 வாரமாயிற்று. 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 26 வாரந்தான். தமிழ்நாட்டு அரசாங்க உத்தியோகத்திலுள்ள பெண்களுக்கோ 2021 முதல் ஒரு வருஷம். எங்களைப் போன்ற தனியார் பள்ளிக்காரர்கள் அதைக் கேட்டுப் பெருமூச்சு விடலாம்.

ஆனால் இவ்வளவு மாறியும் ஒன்று மாறவில்லை. 26 வாரம் என்று எழுதிய சட்டம், ஒரு பிரசவத்தில் இரண்டு பிள்ளை பிறக்கும் என்பதை நினைக்கவேயில்லை. பிற நாட்டார் நினைத்திருக்கிறார்கள். பிரான்சில் முதற்குழந்தைக்கு 16 வாரம். இரட்டையானால் 34 வாரம். ஜெர்மனியில் பிரசவத்துக்குப் பின் எட்டு வாரம் என்பது இரட்டைக்குப் பன்னிரண்டாகிறது. சீனாவில் கூடுதலாகப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 15 நாள்; வியத்நாமில் ஒரு மாதம். நம் சட்டம் குழந்தைகளை எண்ணாமலுமில்லை: உயிரோடு இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே இருக்குமானால் 26 வாரத்தைப் பன்னிரண்டாகக் குறைத்துவிடுகிறது. குறைப்பதற்கு எண்ணத் தெரிகிறது, கூட்டுவதற்குத் தெரியவில்லை.

நிற்க. என் எதிரே உட்கார்ந்திருந்தவள் கணித உபாத்தியாயினி ஆயிற்றே! "கணக்காகவே போட்டுப் பார்ப்போம்" என்று ஒரு காகிதத்தை எடுத்தேன்.

பிறந்த சிசு நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். இரண்டென்றால் பதினாறு முதல் இருபத்து நான்கு. தடவைக்கு அரை மணி என்று வைத்தால், எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம். தலையணையை முட்டுக்கொடுத்து இருவருக்கும் ஒரே சமயத்தில் கொடுக்கப் பழகினால் இது பாதியாகும். ஆனால் பழகுவதற்கே வாரக்கணக்கில் ஆகிறது. குளிப்பாட்டல், துணி, தடுப்பூசி எல்லாம் இதற்கு மேல்.

அடுத்தது முக்கியம். அவளுடைய நாள் நவம்பர் பத்து என்று வைத்தியர் குறித்திருக்கிறார். இரட்டையர் அந்த நாள் வரை காத்திருப்பது அரிது. பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரம் நிறையுமுன்பே வந்துவிடுகிறார்கள். அக்டோபர் நடுவில் பிறந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பொங்கலன்று பஞ்சாங்கப்படி அவர்களுக்கு மூன்று மாதம். ஆனால் வைத்தியர்கள் குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியைப் பிறந்த நாளிலிருந்து கணக்கிடுவதில்லை. பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்தே கணக்கிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் இரண்டு மாதக் குழந்தைகளை விட்டுவிட்டு வருகிறாள்.

"அப்படியானால் இருபத்தாறு வாரமும் எடுக்கட்டுமா, அக்கா?"

"எப்போது தொடங்குவாய் என்பதையும் சொல்."

பிரசவத் தேதிக்கு முன்னால் எட்டு வாரம் வரை எடுக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. அதாவது செப்டம்பர் நடுவில். முன்னால் எடுக்கும் ஒவ்வொரு வாரமும் பின்னால் ஒரு வாரத்தைத் தின்னும். அதற்காக, வைத்தியர் படு என்று சொன்ன பிறகும் கரும்பலகை முன் நிற்க வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். இரட்டைக் கர்ப்பத்தில் அது விபரீதம். அவளுடைய வைத்தியர் செப்டம்பரில் நின்றுவிடச் சொல்லியிருக்கிறார். ஆகவே மார்ச்சு நடுவில் 26 வாரம் முடியும். அன்று குழந்தைகளுக்குப் பிறந்த கணக்கில் ஐந்து மாதம். வளர்ச்சிக் கணக்கில் நான்கு. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம்.

"மார்ச்சு நடுவில் வந்து நீ என்ன செய்யப் போகிறாய்? பத்தாம் வகுப்புக்குப் பாடமெல்லாம் முடிந்திருக்கும். பரீட்சை மண்டபத்தில் நின்றுகொண்டு, யார் யாரைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கவனிப்பாய்" என்றேன். சிரித்துவிட்டாள்.

மார்ச்சு நடுவிலிருந்து கோடை விடுமுறை வரையில் ஒன்றரை மாதந்தான். அதையும் சம்பளமில்லாத லீவாகக் கேட்டுவிட்டால், ஜூன் மாதத்தில் புது வருஷத்தோடு வரலாம். அப்போது குழந்தைகள் எப்படிக் கணக்கிட்டாலும் ஆறு மாதம் தாண்டியிருப்பார்கள். கஞ்சியும் மசித்த பழமும் தொடங்கியிருக்கும். இடையில் உடம்புக்கு ஏதேனும் வந்தால், மருந்துச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அந்தப் பத்தாவது பிரிவு சொல்லும் ஒரு மாதத்தைக் கேட்க வேண்டும். அந்த உரிமை புதிய தொகுப்பிலும் இருக்கிறது.

ஒன்றரை மாதச் சம்பளம் என்பது சிறிய தொகையன்று. வீட்டு வாடகை, இரட்டைச் செலவு இவற்றுக்கு நடுவே அதை விடுவது எளிதல்ல. அதை அவள் புருஷனோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்றேன். அவனுக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்றும் கேட்டேன். மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தராயிருந்தால் பதினைந்து நாள் உண்டு. அவன் தனியார் கம்பெனியில் இருக்கிறான். சட்டப்படி ஒரு நாளும் இல்லை. அம்மா மூன்று மாதம் வந்திருப்பாள், பிறகு மாமியார் என்றாள். இருவரும் ஒரே சமயத்தில் வந்து போய்விடாமல் ஒருவர் பின் ஒருவராக வரச் சொல் என்றேன். இது சட்டப் புத்தகத்தில் இல்லாத யோசனை. ஆனால் 26 வாரத்தைவிடச் சில வீடுகளில் இதுவே அதிகம் உதவும்.

அவள் பேனாவைத் திறந்தாள், மறுபடியும் மூடினாள்.

"பத்தாம் வகுப்பு, அக்கா?"

இதுதான் உண்மையான தடை என்று எனக்குத் தெரியும். முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் முகம் அவள் கண்முன் நின்றது. 2011-இல் என் கண்முன்னும் நின்றது. அந்த வருஷத்துப் பிள்ளைகளில் ஒருவர் பெயர்கூட இன்று எனக்குச் சரியாக நினைவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

மறுநாள் இருவருமாகத் தலைமை ஆசிரியையிடம் போனோம். அவர் தாளை இரண்டு முறை படித்தார். "செப்டம்பரிலிருந்து ஜூன் வரையா?" என்றார். பிறகு, "பத்தாம் வகுப்புக்கு யார்?" என்றார்.

எனக்குப் பாடம் ரசாயனம். ஆனால் பட்டப் படிப்பில் கணிதம் துணைப்பாடமாக இருந்தது. இப்பொழுது இரவில், குழந்தைகள் தூங்கிய பிறகு, இருபடிச் சமன்பாடுகளைப் புதிதாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான்கில் ஒன்று தப்பாகிறது. செப்டம்பருக்குள் சரியாகிவிடும் என்கிறாள் என் மகள், அவள்தான் திருத்துகிறாள்.