உங்களுக்குத் தெரியுமா? வானத்தில் உரசப்போகும் விமானங்கள்

● பினாங்கு தண்ணீர்மலைப் படிகளில் மூச்சு வாங்க நின்று அண்ணாந்து பார்க்கிறீர்கள். உச்சி வானில் இரண்டு விமானங்கள், ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதுபோல் கடக்கின்றன. "ஐயோ, இடிச்சிடப் போகுது" என்று பக்கத்தில் நிற்பவர் பதறலாம். பதற வேண்டாம். அவற்றுக்கு நடுவே குறைந்தது 1,000 அடி, அதாவது 305 மீட்டர் உயர இடைவெளி இருக்கும். ஜார்ஜ் டவுனின் கொம்தார் கோபுரம் உச்சிக் கட்டுமானத்தோடு சேர்த்து 249 மீட்டர்தான். அதை அப்படியே அந்த இடைவெளியில் நிறுத்தி வைத்தாலும் இரண்டு விமானத்திலும் முட்டாது.

● அப்படியானால் ஏன் ஒட்டிப் போவதாகத் தெரிகிறது? ஒன்று 35,000 அடியில், மற்றது 36,000 அடியில். தரையில் நிற்கும் நமக்கு இரண்டு தூரத்துக்கும் வித்தியாசம் 3 விழுக்காடுகூட இல்லை. நம் கண்கள் இரண்டும் சுமார் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளியில் இருப்பதால்தான் ஆழம் தெரிகிறது. கைக்கெட்டும் பொருளுக்கு அது போதும். பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் அந்தக் கணக்கு செல்லாது. பிறகு மூளைக்கு மிஞ்சுவது உருவ அளவு ஒன்றுதான். அதிலும் ஏமாற்று உண்டு: ஏர்பஸ் ஏ380இன் இறக்கை அகலம் ஏறத்தாழ 80 மீட்டர், போயிங் 737-800க்கு 36 மீட்டர். பெரியது மேலே பறந்தாலும் கீழே, நமக்குப் பக்கத்தில் இருப்பதாகவே தோன்றும்.

● உயரத்தில் 1,000 அடி இல்லையென்றால் பக்கவாட்டில் இடைவெளி வேண்டும். ரேடார் கண்காணிப்பில் நடுவழியில் வழக்கமாக 5 கடல்மைல், அதாவது 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பினாங்கின் முதல் பாலத்தில் கடல்மேல் நிற்கும் பகுதி 8.4 கிலோமீட்டர், அதைவிடக் குறைவுதான். விமான நிலையத்தை நெருங்கும்போது இந்த இடைவெளி 3 கடல்மைலாகக் குறையலாம். இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்பதுதான் விதி. தலைக்கு நேர் மேலே கடப்பவற்றுக்கு உயர இடைவெளி மட்டுமே இருப்பதில் தவறே இல்லை.

● சென்னையிலிருந்து பினாங்குக்கு 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கியது. கிழக்கு நோக்கி வரும்போது அது பொதுவாக 33, 35, 37 ஆயிரம் என ஒற்றைப்படை உயரத்தில் பறக்கும். திரும்பிப் போகும்போது 34, 36, 38 என இரட்டைப்படை. எதிரெதிரே வருபவை ஒரே உயரத்தில் சந்திக்காமல் இருக்க இதைவிட எளிய ஏற்பாடு வேறு என்ன இருக்கிறது?

● இந்த 1,000 அடிகூட நம் பக்கம் அண்மையில் வந்ததுதான். முன்பு 29,000 அடிக்கு மேலே 2,000 அடி விட்டாக வேண்டும். மேலே போகப்போகக் காற்று மெலியும். காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் கருவியின் துல்லியமும் குறையும். கருவிகள் தேறியபின் வங்காள விரிகுடா வான்வழிகளில் 2003 நவம்பரில் இடைவெளி பாதியானது. ஒரே வானத்தில் கூடுதல் வண்டிகள் ஓட வழி பிறந்தது.

● எதிரெதிரே வரும் இரு விமானங்கள் ஆளுக்கு மணிக்கு 900 கிலோமீட்டர் என்றால், நெருங்கும் வேகம் விநாடிக்கு 500 மீட்டர். பினாங்குப் பாலத்தின் கடல் பகுதி 17 விநாடியில் தீர்ந்துவிடும். எதிரே இருப்பதைக் கண்டு, புரிந்து, விமானத்தைத் திருப்ப விமானிக்கு 12.5 விநாடி ஆகும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கணக்கு. கண்ணை மட்டும் நம்பிப் பறக்கும் காலம் ஜெட் வந்த அன்றே முடிந்துவிட்டது.

● கண்ணை நம்பியதால் வந்த வினை ஒன்று. 1965 டிசம்பர் 4, நியூயார்க்குக்கு வடக்கே. போயிங் 707 ஒன்று 11,000 அடியில்; லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் ஒன்று 10,000 அடியில். விதிப்படி சரியான இடைவெளி. கீழே பறந்த விமானம் மேகத்தை விட்டு வெளியே வந்தபோது எதிரே 707 தெரிந்தது. மேகத்தின் மேல்விளிம்பு சரிந்து கிடந்ததால் இரண்டும் ஒரே உயரத்தில் இருப்பதாக விமானிகளுக்குப் பட்டது. தப்பிக்க மேலே இழுத்தார்கள். இழுத்த பிறகுதான் நிஜமாகவே மோதல். ஒருபக்க இறக்கையின் நுனிப் பகுதியை இழந்த 707 பத்திரமாகத் தரையிறங்கியது. கட்டுப்பாடு போன கான்ஸ்டலேஷனை கேப்டன் சார்லஸ் ஒயிட், என்ஜின்களின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்து ஒரு மலைச்சரிவில் இறக்கினார். அதிலிருந்த 54 பேரில் 50 பேர் பிழைத்தார்கள். பயணி ஒருவரை மீட்க எரியும் விமானத்துக்குள் திரும்பிப் போன ஒயிட் இறந்த நால்வரில் ஒருவர். சும்மா நேராகப் பறந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது என்பதுதான் இதில் மனதை அறுப்பது.

● பட்டர்வொர்த் ஃபெரி ஓட்டுபவரைக் கேட்டால் இதைச் சொல்வார்: எதிரே வரும் கப்பல் கண்ணாடியில் இடமோ வலமோ நகர்ந்தால் பயமில்லை, ஒரே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதல் நிச்சயம். வானத்திலும் அதே விதிதான். விர்ரென்று குறுக்கே போகும் விமானம் பயணிகளை அலறவைக்கும். விமானி அஞ்சுவது அசையாத புள்ளிக்கு.

● 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு மேற்கே, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் ஏறிக்கொண்டிருந்த சவூதி போயிங் 747ம் இறங்கிக்கொண்டிருந்த கஜகஸ்தான் இல்யூஷினும் மோதி 349 பேர் மாண்டார்கள். வளைகுடா வேலைக்குக் கிளம்பிய இந்தியர்கள் அதில் ஏராளம். சவூதி விமானம் 14,000 அடியில். இறங்குவதோ 15,000 அடியில் நிற்க வேண்டியது, நிற்கவில்லை. விமானங்களின் நடுவான மோதல்களில் இதைவிட அதிக உயிர் குடித்தது இன்றுவரை இல்லை. இதன் பிறகுதான் இந்தியா டிகாஸ் என்னும் மோதல் தடுப்புக் கருவியைக் கட்டாயமாக்கியது.

● டிகாஸ் என்ன செய்யும்? இரு விமானங்களின் கருவிகளும் தமக்குள் பேசிக்கொள்ளும். முதலில் "டிராஃபிக், டிராஃபிக்" என எச்சரிக்கும். நெருக்கம் கூடினால் ஒன்றில் "கிளைம்ப்" என்றும், மற்றதில் "டிசெண்ட்" என்றும் கட்டளை வரும். தரைக் கட்டுப்பாட்டாளர் நேர்மாறாகச் சொன்னால்? 2002இல் ஜெர்மனியின் யூபர்லிங்கன் வானில் அப்படி நடந்தது. மேலே ஏறச் சொன்ன கருவியை விட்டு ரஷ்ய விமானம் கட்டுப்பாட்டாளர் சொன்னபடி இறங்கியது. மற்ற விமானத்தோடு மோதி 71 பேர் இறந்தார்கள். இப்போது கருவி சொல்வதே இறுதி.

● நேர் எதிரே வரும் ஏ350 உங்கள் விமானத்துக்கு 1,000 அடி மேலே கடந்தால், கையை நீட்டிப் பிடித்த உங்கள் முஷ்டியைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரியும். ஒன்றிரண்டு விநாடிதான்.

● தூரம் போதும், ஆனால் காற்றுக்கும் விதி தெரிய வேண்டுமே! 2017 ஜனவரியில் அரபிக்கடல் மேல் ஏ380 ஒன்று எதிரே வந்த ஒரு ஜெட்டுக்கு 1,000 அடி மேலே கடந்துபோனது. அதன் இறக்கை விட்டுச்சென்ற சுழல் மெல்லக் கீழே இறங்கி, மாலத்தீவிலிருந்து வந்த அந்தச் சிறிய சேலஞ்சர் ஜெட்டைப் பல முறை உருட்டி, 8,000 அடிக்கும் அதிகமாகக் கீழே தள்ளியது. மஸ்கட்டில் இறங்கிவிட்டார்கள், பயணிகள் சிலருக்குக் காயம், விமானம் மட்டும் மறுபடி பறக்கவில்லை.

● கைபேசிச் செயலியில் பினாங்கு வானத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சொல். திரையில் விமானச் சின்னங்கள் இரண்டு ஒன்றையொன்று மூடிக்கொண்டு கிடந்தால் உடனே குழுவில் போட்டுப் பீதி கிளப்பாதீர்கள். வரைபடத்தைச் சுருக்கினால் ஒரு சின்னமே தீவில் பாதியை மூடிவிடும். இரண்டையும் தனித்தனியே தொட்டு உயரத்தைப் பாருங்கள். ஆயிரம் அடியாவது வித்தியாசம் இருக்கும்; இல்லையென்றால் பக்கவாட்டில் இடைவெளி இருக்கும்.