கல்லறையும் கடிதமும்: உயிர்த்தெழுதலுக்கான சான்றுகளை எடைபோடுதல்

கிறிஸ்தவ சமயம் கூறும் மற்ற அற்புதங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டாலும் அச்சமயம் ஏதேனும் ஒரு வடிவில் நிலைத்திருக்கக்கூடும். சிலுவையில் மாண்ட இயேசு மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார் என்ற ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால், தாம் ஊர் ஊராகச் சென்று அறிவித்த செய்தியே வீண் என்று அச்சமயத்தின் முதல் எழுத்தாளராகிய பவுல் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். ஒரு சமயம் தன் மொத்தக் கனத்தையும் ஒரே நிகழ்ச்சியின் மேல் ஏற்றிவைத்து, அந்த நிகழ்ச்சி இன்ன ஆளுநரின் காலத்தில் இன்ன நகரில் நடந்தது என்று இடமும் காலமும் குறித்துச் சொல்லும்போது, அதை வரலாற்றாய்வின் தராசில் வைத்துப் பார்ப்பது அச்சமயத்துக்குச் செய்யும் அவமதிப்பு ஆகாது. அதன் சொல்லுக்குத் தரும் மதிப்பே ஆகும். பொந்தியு பிலாத்துவின் ஆட்சிக்காலத்தில் இயேசு சிலுவையில் அறையப்பட்டு இறந்தார் என்பதை இன்றைய ஆய்வாளர்கள் ஏறக்குறைய ஒருமனதாக ஏற்பதும், அதன் ஆண்டு கி.பி. 30 அல்லது 33 எனக் கணிக்கப்படுவதும் சென்ற இதழில் விளக்கப்பட்டன. அதற்கு அடுத்த கட்டமே இவ்விதழின் பொருள்.

உயிர்த்தெழுதல் என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது நற்செய்தி நூல்களில் உள்ள கல்லறைக் காட்சிதான். ஆனால் நமக்குக் கிடைத்துள்ள சான்றுகளுள் மிகப் பழையது ஒரு கடிதம். பவுல் எபேசு நகரில் தங்கியிருந்தபோது, கடலுக்கு அப்பால் கொரிந்து நகரில் தாம் தொடங்கிவைத்த சபைக்கு எழுதிய அந்தக் கடிதத்தின் காலத்தை ஓரளவு துல்லியமாகவே கணிக்க முடிகிறது. பவுல் கொரிந்தில் இருந்தபோது கல்லியோ என்பவர் அங்கு உரோமை ஆளுநராக இருந்தார் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. கிரேக்க நாட்டின் தெல்பியில் கிடைத்த கல்வெட்டுத் துண்டுகளில் பேரரசர் கிளாடியஸ் அதே கல்லியோவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதால் அவருடைய பதவிக்காலம் கி.பி. 51-52ஐ ஒட்டியது என்று அறுதியிட முடிந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 53க்கும் 55க்கும் இடையில் கடிதம் எழுதப்பட்டது. பவுல் எழுதிய மூலப் பிரதி கிடைக்கவில்லை, எனினும், கி.பி. 200ஐ ஒட்டி எழுதப்பட்டதாகக் கருதப்படும் பாப்பிரஸ் சுவடி ஒன்றில் இக்கடிதம் உள்ளது. அச்சுவடியின் எஞ்சிய 86 ஏடுகளுள் 56 அயர்லாந்தின் டப்ளினிலும் 30 அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் காக்கப்படுகின்றன.

இக்கடிதத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில் பவுல் ஒரு பட்டியலைத் தருகிறார். இயேசு இறந்தார், அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாள் எழுப்பப்பட்டார் என்று சொல்லி, பின்னர் அவர் யார் யாருக்குத் தோன்றினார் என்று அடுக்குகிறார். முதலில் கேபா என்னும் பேதுரு, பிறகு பன்னிருவர், ஐந்நூறுக்கும் மேற்பட்ட சகோதரர், யாக்கோபு, திருத்தூதர் அனைவர், கடைசியாகப் பவுல். இங்கே முக்கியமானது, இதைத் தாமே இயற்றியதாகப் பவுல் சொல்லவில்லை என்பதே. தாம் பிறரிடமிருந்து பெற்றதைத்தான் கொரிந்தியருக்கு முன்பே ஒப்படைத்ததாக அவர் எழுதுகிறார். இது மனப்பாடம் செய்து வழிவழியாகச் சொல்லப்பட்ட நம்பிக்கை வாய்பாடு, அதாவது ஒரு குழுவினர் தம் அடிப்படைக் கொள்கையைச் சுருங்கிய வடிவில் ஓதுவதற்கென அமைத்துக்கொண்ட வரிகள், என்பதில் ஆய்வாளரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

அப்படியானால் பவுல் அதை எங்கே, எப்போது பெற்றார்? கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில், மனம் மாறிய மூன்று ஆண்டுகளுக்குப் பின் எருசலேமுக்குச் சென்று பேதுருவுடன் 15 நாட்கள் தங்கியதாகவும், அப்போது ஆண்டவரின் சகோதரராகிய யாக்கோபையும் கண்டதாகவும் அவர் கூறுகிறார். கூறியதோடு நில்லாமல், இதில் பொய் இல்லை என்று கடவுளைச் சாட்சியாகவும் வைக்கிறார். பவுலின் மனமாற்றம் சிலுவை மரணத்துக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தது என்று கொண்டால், இந்தச் சந்திப்பு அம்மரணத்திலிருந்து ஐந்தாறு ஆண்டுகளுக்குள் வந்துவிடுகிறது. பட்டியலில் பெயர் சுட்டப்பட்ட ஒருவரோடு, அந்நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படும் அதே நகரில், பட்டியலின் கடைசி ஆள் இரண்டு வாரம் தங்கி, இன்னொருவரையும் சந்தித்திருக்கிறார். பழங்கால வரலாற்றில் இவ்வளவு நெருக்கமான சாட்சித் தொடர் அமைவது அரிது. ஆகவே, உயிர்த்தெழுதல் நம்பிக்கை தலைமுறைகள் கடந்து மெல்ல வளர்ந்த புராணம் என்று ஒரு காலத்தில் அறிஞர் சிலர் முன்வைத்த விளக்கத்தை இன்று கைவிட வேண்டியிருக்கிறது. அந்த நம்பிக்கை வளர்ந்ததற்கு அல்ல, தொடக்கத்திலேயே இருந்ததற்குத்தான் சான்று இருக்கிறது.

ஆனால் பழைமை வேறு, உண்மை வேறு என்பதையும் அதே கண்டிப்போடு சொல்லியாக வேண்டும். இந்தப் பட்டியல் எந்தத் தோற்றத்தையும் விவரிக்கவில்லை. எந்த ஊரில், பகலிலா இரவிலா, அவர்கள் கண்டது என்ன வடிவில் இருந்தது என்ற கேள்விகளுக்கு அதில் விடை இல்லை. ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் கண்டதாகவும், அவர்களுள் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருப்பதாகவும் பவுல் எழுதுவது, வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள் என்ற தொனியில் இருக்கிறது. எனினும், நான்கு நற்செய்தியாளரில் ஒருவர்கூட இவ்வளவு பெரிய நிகழ்ச்சியைக் குறிப்பிடவில்லை.

பட்டியலில் அதிகக் கவனத்துக்கு உரியவர் யாக்கோபு. இயேசுவின் உடன்பிறந்தவர்கள் அவர் மேல் நம்பிக்கை வைக்கவில்லை என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. வீட்டார் அவரைப் புத்தி பேதலித்தவர் என்று எண்ணிப் பிடித்துக்கொண்டுபோக வந்ததாக மாற்கு எழுதுகிறார். அப்படிப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த யாக்கோபைப் பின்னர் எருசலேம் சபையின் தூண்களுள் ஒருவராகப் பவுல் காண்கிறார். கி.பி. 62இல் தலைமைக் குரு இளைய அன்னாவின் ஆணைப்படி யாக்கோபு கல்லெறிந்து கொல்லப்பட்டதைக் கிறிஸ்தவர் அல்லாத யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் பதிவு செய்திருக்கிறார். சொந்தத் தம்பியோ அண்ணனோ குற்றவாளியாகச் சிலுவையில் தொங்கி இறந்தபின் அவரை மெசியா என்று அறிவித்து, அதன் பொருட்டு ஒருவர் உயிரையும் விட நேர்ந்தது ஏன் என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. குடும்பத்தாரின் அவநம்பிக்கை மாற்கின் கதைப்போக்குக்காக மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று சிலர் வாதிடுவதுண்டு. மாற்கைச் சாராததாகப் பலர் கருதும் யோவானிலும் அதே செய்தி இருப்பதால் அந்த வாதம் வலுவானதாகத் தெரியவில்லை.

கல்லறைக்கு வந்தால் சான்றின் தன்மை மாறுகிறது. பவுல் அடக்கத்தைச் சொல்கிறாரே தவிர, கல்லறை வெறுமையாக இருந்ததைச் சொல்லவில்லை. அதை முதலில் எழுதியவர் கி.பி. 70ஐ ஒட்டி எழுதிய மாற்கு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாயிட்டிக்கஸ், வத்திக்கான் ஆகிய இரு பெரும் சுவடிகளிலும் மாற்கு நற்செய்தி, கல்லறைக்கு வந்த பெண்கள் நடுநடுங்கி ஓடினார்கள், அச்சத்தால் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்ற இடத்தோடு சட்டென முடிந்துவிடுகிறது. இன்று அச்சாகும் விவிலியங்களில் அதன்பின் வரும் தோற்றக் காட்சிகள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை. இதற்கு மாறாக, கல்லறைக் கதையின் பக்கமும் வலுவான வாதம் ஒன்று உண்டு. பெண்களின் சாட்சியத்தை ஏற்கக்கூடாது என்று ஜொசீபஸ் எழுதிய சமூகத்தில், பெண்கள் சொன்னதைச் சீடர்களே வெறும் பிதற்றல் என்று தள்ளியதாக லூக்கா ஒப்புக்கொள்ளும் நிலையில், கதையைப் புனைந்தவர் எவரும் மகதலேனா மரியாளை முதல் சாட்சியாக நிறுத்தியிருக்க மாட்டார் என்பதே அது. தமக்குச் சங்கடம் தரும் செய்தியை யாரும் வலிந்து கற்பிக்கமாட்டார்கள் என்னும் இந்த அளவுகோல் பயனுள்ளதுதான். ஆனால் பிணத்துக்கு நறுமணப் பொருள் பூசவும் ஒப்பாரி வைக்கவும் கல்லறைக்குச் செல்வது பெண்களின் வழக்கமாக இருந்தபடியால், கதைக்கு அவர்கள் இயல்பாகவே தேவைப்பட்டிருக்கலாம் என்ற எதிர்வாதமும் எளிதில் ஒதுக்கத் தக்கதன்று.

சிலுவையில் மாண்டவர்களின் உடல்கள் பறவைகளுக்கும் நாய்களுக்கும் இரையாக விடப்பட்டன, எனவே கல்லறையே இருந்திருக்காது என்று சொல்வோருக்கு, 1968இல் எருசலேமின் வடபகுதியில் கிடைத்த ஓர் எலும்புப் பெட்டி பதிலாக அமைந்தது. யெகோகனான் என்ற பெயர் பொறித்த அந்தச் சுண்ணாம்புக்கல் பெட்டியில், வலக் குதிகால் எலும்பினூடே ஏறக்குறைய பதினொன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள இரும்பு ஆணி செருகியபடியே இருந்தது. நுனி வளைந்துபோனதால் அதைப் பிடுங்க முடியாமல் அப்படியே புதைத்திருக்கிறார்கள். சிலுவையில் அறையப்பட்ட ஒருவருக்குக் குடும்பக் கல்லறையில் முறையான அடக்கம் நடந்திருக்க முடியும் என்பதை அது உறுதிப்படுத்துகிறது. இயேசுவுக்கு நடந்தது என்பதை அல்ல.

நம்பிக்கையாளர் தம் பக்கத்துச் சான்றுகள் சிலவற்றைத் தாமே விலக்கிவைப்பது நல்லது. நாசரேத்துக் கல்வெட்டு என்று வழங்கும் பளிங்குப் பலகை அவற்றுள் முதன்மையானது. பாரிஸில் உள்ள அதில் 22 வரிகளில், கல்லறையைக் கலைத்துப் பிணத்தை எடுப்போருக்கு மரண தண்டனை என்ற பேரரசரின் ஆணை கிரேக்க மொழியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1878இல் நாசரேத்திலிருந்து அனுப்பப்பட்டது என்று அதை வாங்கிய சேகரிப்பாளர் குறித்துவைத்திருந்ததாலும், சீடர்கள் உடலைத் திருடிவிட்டார்கள் என்று யூதரிடையே பேச்சு உலவியதாக மத்தேயு எழுதியிருப்பதாலும், வெறுமையான கல்லறை பற்றிய செய்தி உரோமை வரை எட்டியதற்கு இதுவே தடயம் என்று பலர் நெடுங்காலம் எழுதிவந்தனர். 2020இல் வெளியான ஐசோடோப்பு ஆய்வு, அதாவது கல்லில் உள்ள கார்பன், ஆக்சிஜன் அணுக்களின் வகைவிகிதத்தைக் கொண்டு அது வெட்டப்பட்ட சுரங்கத்தைக் கண்டறியும் ஆய்வு, அந்தப் பளிங்கு ஏஜியன் கடலில் உள்ள கோஸ் தீவைச் சேர்ந்தது என்று காட்டியது. அத்தீவில் நிக்கியாஸ் என்னும் கொடுங்கோலரின் கல்லறையை மக்கள் உடைத்து உடலை வெளியே இழுத்துப்போட்ட நிகழ்ச்சியோடு அந்த ஆணையைத் தொடர்புபடுத்துவதே இப்போது பொருத்தமாகத் தோன்றுகிறது. இயேசு மூன்றாம் நாள் உயிரோடு தோன்றினார் என்று ஜொசீபஸ் நூலில் காணும் வரிகளும் கிறிஸ்தவப் படியெடுப்போரின் இடைச்செருகல் என்றே பெரும்பாலோர் முடிவு செய்துள்ளனர். ஜொசீபஸ் இயேசுவைக் கிறிஸ்துவாக ஏற்கவில்லை என்று மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஒரிகனே எழுதியிருப்பது அதற்குப் போதுமான காரணம். இயேசுவின் உடலைச் சுற்றியதாகச் சிலர் நம்பும் தூரின் துணியின் காலத்தை 1988ஆம் ஆண்டின் கதிரியக்கக் கார்பன் ஆய்வு 1260க்கும் 1390க்கும் இடையில் வைக்கிறது.

எஞ்சி நிற்பது, சீடர்கள் எதையோ கண்டார்கள் என்பது. அது துயரத்தில் மனம் தோற்றுவித்த காட்சியாக இருக்கலாம் என்ற விளக்கத்துக்கு மருத்துவ ஆதாரம் இல்லாமல் இல்லை. டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் பகுதியில் துணையை இழந்த 293 பேரை விசாரித்து 1971இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தவர் அருகில் இருப்பதாக ஏதேனும் ஒருவகையில் உணர்ந்ததும், சுமார் 14 விழுக்காட்டினர் கண்ணாலேயே கண்டதாகக் கூறியதும் தெரியவந்தன. பேதுருவுக்கு இந்த விளக்கம் பொருந்தக்கூடும். சீடர்களைத் துன்புறுத்திக்கொண்டிருந்த பவுலுக்கு இயேசுவின் சாவில் என்ன துயரம் இருந்திருக்க முடியும்? மேலும், கணவரைக் கண்ட கைம்பெண்கள் அவர் கல்லறையிலிருந்து எழுந்துவிட்டதாக அறிவிக்கவில்லை. உலக முடிவில் இறந்தோர் எல்லாரும் ஒருங்கே எழுவர் என்றுதான் அக்காலத்து யூதரில் பலர் நம்பினர். வரலாற்றின் நடுவில் ஒருவர் மட்டும் எழுவார் என்ற எதிர்பார்ப்பு அவர்களிடம் இல்லை. கி.பி. 135இல் மெசியா என்று போற்றப்பட்ட பார் கோக்பா கொல்லப்பட்டபோது அவரைப் பின்பற்றியவர்கள் அவர் எழுந்துவிட்டார் என்று சொல்லவில்லை. மனக்காட்சி விளக்கம் தீர்க்காமல் விட்டுச்செல்லும் முடிச்சு இதுவே.

இவ்விடத்தில்தான் 1748இல் தத்துவஞானி டேவிட் ஹியூம் எழுப்பிய தடை குறுக்கே நிற்கிறது. இறந்தவர் எழுவதில்லை என்பது மனித குலத்தின் மாறா அனுபவமாக இருக்க, சாட்சி பொய்யாவது அந்த அற்புதத்தைவிட அரிதாக இருந்தாலன்றி அச்சாட்சியை ஏற்கலாகாது என்பது அவர் வாதம். ரிச்சர்ட் பிரைஸ் என்ற பாதிரியார், நண்பர் தாமஸ் பேய்ஸ் விட்டுச்சென்ற நிகழ்தகவுக் கணக்கை 1763இல் பதிப்பித்ததோடு, அதே நோக்கில் ஹியூமுக்கு மறுப்பும் எழுதினார். குலுக்கலில் குறிப்பிட்ட ஓர் எண் விழும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. ஆயினும், அந்த எண் விழுந்தது என்று செய்தித்தாள் ஒன்று அச்சிட்டால் எல்லோரும் நம்புகிறார்கள். நிகழ்ச்சியின் அருமை மட்டுமே சாட்சியை வீழ்த்திவிடாது என்ற அளவில் பிரைஸ் சொல்வது சரி. ஆனால் ஏதோ ஓர் எண் விழுந்தே தீரும் என்பது முன்பே தெரிந்தது. இறந்தவர்களில் ஒருவர் எழுந்தே தீர்வார் என்பது அப்படித் தெரிந்ததன்று. ஆகையால் சான்றைப் பார்ப்பதற்கு முன்பே ஒருவர் மனத்தில் இருக்கும் வாய்ப்பின் அளவு, அதாவது முன்நிகழ்தகவு, இங்கே தவிர்க்க முடியாததாகிறது. அதைச் சுழியம் என்று வைத்துவிட்டவரை எத்தனை சாட்சிகளும் அசைக்க மாட்டா. கடவுள் உண்டென்று ஏற்கெனவே நம்புபவருக்கு அதே சாட்சிகள் போதுமானவையாகத் தோன்றலாம். இந்தக் கணக்கின் முதல் எண்ணை வரலாற்றாசிரியர் தம் துறையிலிருந்து எடுத்துத் தர முடியாது. அவர் தரக்கூடியது, சாட்சிகள் எவ்வளவு பழையவை, எவ்வளவு நேர்மையானவை என்னும் இரண்டாம் எண்ணை மட்டுமே.

ஜெர்மானிய அறிஞர் கெர்ட் லூடமான், தோற்றங்கள் பற்றிய மரபு சிலுவை மரணத்தை அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே உருவாகிவிட்டது என்று 1994இல் வெளியிட்ட நூலில் ஏற்றுக்கொண்டே, அவற்றைக் குற்ற உணர்வும் துயரமும் விளைவித்த மனக்காட்சிகள் என்று முடிவு செய்து, சில ஆண்டுகளில் தாம் இனிக் கிறிஸ்தவர் அல்லர் என்றும் அறிவித்தார். வைதீக யூதரான பின்காஸ் லாபிட் 1977இல் வெளியிட்ட நூலில், உயிர்த்தெழுதல் உண்மையாகவே நிகழ்ந்தது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் இயேசுவை மெசியாவாக ஏற்கவில்லை, கடைசிவரை யூதராகவே வாழ்ந்தார். பவுல் பெற்றுத் தந்த அந்தச் சில வரிகளின் பழைமையில் இருவருக்கும் ஐயம் இருந்ததில்லை. அவ்வரிகளுக்கும் மத்தேயு, லூக்கா, யோவான் ஆகியோர் விரித்துரைக்கும் காட்சிகளுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் செய்தி எவ்வாறு கதையாக விரிந்தது என்பதும், தோற்றங்கள் கலிலேயாவிலா எருசலேமிலா என்பதில் நற்செய்தி நூல்கள் ஏன் முரண்படுகின்றன என்பதும் அடுத்த இதழில் ஆராயப்படும்.

(தொடரும்)